டெல்ஃபீன் தூங்கிய வண்டி

குளிர்காலத்தில் ஓரெஸ்ட் ஹவ்ரிலுக் வண்டியை நிறுத்தியதும் நேரே வீட்டுக்குள் போகமாட்டார். வண்டியின் மூக்குக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கும் பிளக்கை, கையுறையைக் கழற்றி வெறுங்கையால் பிடிப்பார். அதன் முட்களில் ஒட்டியிருக்கும் பனியை வாயால் ஊதுவார். போகாவிட்டால் கட்டைவிரல் நகத்தால் சுரண்டுவார். பிறகு வீட்டுச் சுவரிலிருந்து வரும் ஆரஞ்சு நிற வயரில் சொருகுவார். அதோடு முடியாது. கம்பளித் தொப்பியை ஒதுக்கி, பானட்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய், உள்ளே என்ஜினைச் சூடாக வைக்கும் கம்பி மெல்ல முனக ஆரம்பிக்கும்வரை குனிந்தபடி நிற்பார். முனகல் கேட்ட பிறகுதான் கையுறை, கதவு, வீடு.

எங்கள் ஊரில் எல்லோரும் வண்டியைச் சுவரில் சொருகிவிட்டுத்தான் தூங்குவோம். இல்லாவிட்டால் காலையில் என்ஜினுக்குள் எண்ணெய் பாகாக இறுகிக் கிடக்கும். ஆனால் காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போகிறவர் அவர் ஒருவர்தான். அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் நான் குடியிருக்கிறேன். என் ஜன்னல் தரைமட்டத்தில் இருப்பதால் எனக்குத் தெரிவது அவருடைய பூட்ஸும், அந்தக் கையும், சில நாள் குனிந்த அந்தக் காதும்.

இடது காது. அதன் மேல்விளிம்பு அவருக்கு இல்லை.

இருபத்தாறு வயதில், ஒரு டிசம்பரில், எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகும் மண்சாலையில் கம்பெனி டிரக் நின்றுவிட்டது. காத்திருந்து பார்த்தார், யாரும் வரவில்லை. நடந்தார். ஒரு பம்புக் கொட்டகையை அடைவதற்குள் காதின் விளிம்பும் இரண்டு கால்விரல்களும் போய்விட்டன. அதற்குப் பிறகு, வண்டி கிளம்பும் என்று யார் சொன்னாலும் நம்பியதில்லை. காதால் கேட்கவேண்டும்.

எங்கள் ஊரான ஸ்டோனி கூலிக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவே தலையாட்டிக்கொண்டிருக்கும் பம்புகளைச் சுற்றிவந்து பார்ப்பது அவருடைய வேலை. வாழ்நாள் முழுக்க அதுதான். கிணற்றிலிருந்து கசியும் வாயு முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகவைக்கும் என்பார்கள். அவருடைய மூக்கு எப்போதோ போய்விட்டது. அடுப்பில் ரொட்டி கருகினாலும் தெரியாது, பால் திரிந்தாலும் தெரியாது. டெல்ஃபீன் நேரெதிர். எண்ணெய் வயல் முகாமில் சமையல் செய்யவந்து, அங்கே அவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டவர். எந்தப் பானையில் எது அடிப்பிடிக்கிறது என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவார்.

"எனக்குக் காது முக்கால், மூக்கு சுத்தம். மிச்சத்துக்குத்தான் இவளைக் கட்டிக்கிட்டேன்" என்று ஓரெஸ்ட் சொல்வது வழக்கம்.

"மூளையைச் சொல்ல விட்டுட்டியே" என்று டெல்ஃபீன் சொல்வதும் வழக்கம்.

போன இலையுதிர்காலத்தில் டெல்ஃபீனுக்குப் புற்றுநோய் வந்தது. மார்பில் தொடங்கி, கண்டுபிடிப்பதற்குள் முதுகெலும்புக்குப் போயிருந்தது. வாரம் ஒருநாள் எட்மண்டன் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். நூற்றெண்பது கிலோமீட்டர் போக, அதே தூரம் வர. பனியில் உப்பி வெடித்த சாலையில் டிரக் ஏறி இறங்கும்போதெல்லாம் முதுகில் யாரோ குத்துவதுபோல் இருக்கிறது என்றார். இன்னொன்றும் நடந்தது. அந்த மருந்து வந்த பிறகு பெட்ரோல் வாசனை பட்டால் குமட்டத் தொடங்கியது.

"உன் சட்டைக்குள்ள ஒரு பெட்ரோல் பங்க்கே குடியிருக்கு" என்றார் டெல்ஃபீன்.

ஓரெஸ்ட் தன் வேலைத் துணிகளையெல்லாம் கராஜுக்கு வெளியே ஆணியில் மாட்டினார். அடுத்த மாதம் வேலையையே விட்டார். அப்போதும் டெல்ஃபீன் முகம் சுளித்தால், வாசனை எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது. நாயைப் போல வீடெல்லாம் மோந்து பார்ப்பார், ஒன்றும் தட்டுப்படாது. கடைசியில் டெல்ஃபீனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பொருளாக வெளியே கொண்டுபோவார். முகம் தெளிந்தால் அதுதான்.

அந்த முகத்தை வைத்துத்தான் வண்டி வாங்கவும் கிளம்பினார். வாழ்க்கையில் அவர்கள் நல்ல வண்டி என்று ஒன்றும் வாங்கியதில்லை. அவருக்குக் கம்பெனி டிரக், டெல்ஃபீனுக்கு அக்கா விட்டுக்கொடுத்த பழைய கார். இப்போது வேலையை விட்டபோது கிடைத்த தொகையில், மெத்தை போன்ற சீட்டும் குலுங்காத சக்கரமும் உள்ள பெரிய எஸ்யூவியாக வாங்குவது என்று முடிவாயிற்று.

"உடம்பு படுத்தாத்தான் இந்த வீட்ல நல்ல சீட் கிடைக்கும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, சீக்கிரமே படுத்திருப்பேன்" என்றார் டெல்ஃபீன்.

ஓரெஸ்ட் சிரிக்கவில்லை.

எட்மண்டனில் அந்த வண்டிகளை விற்கும் இடத்தில் கோல்ட்டன் மேபட் வேலை பார்க்கிறான். எங்கள் ஊர்க்காரன், பள்ளிப் பேருந்து ஓட்டும் மேபட் அம்மாவின் மகன். அவன் இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினான். ஒரே உடல், ஒரே தோல் சீட், காற்றுப் பைகளின் மேல் மிதக்கும் ஒரே அடிப்பாகம். ஒன்றில் பெட்ரோல் என்ஜின், மற்றதில் பேட்டரி.

"இப்ப எதுவும் சொல்லாதீங்க, ஓரெஸ்ட். இந்த வாரம் இதை எடுத்துட்டுப் போங்க, அடுத்த வாரம் அதை. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க. டெல்ஃபீன் எதைச் சொல்றாங்களோ அதுக்குக் கையெழுத்துப் போடலாம்" என்றான்.

முதல் வாரம் பெட்ரோல் வண்டி வந்தது. ஓட்டம் வெண்ணெய் மாதிரி என்று ஓரெஸ்ட் சொன்னார். முதுகு வலிக்கிறது என்று டெல்ஃபீன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் வெளியே போன இடத்தில் யாரும் என்ஜினை அணைப்பதில்லை. கிளம்புவதற்குக் கால்மணி முன்பே வீட்டுக்குள் இருந்தபடி பொத்தானை அழுத்தி வண்டியைக் கிளப்பிவிடுவோம். கடைக்குப் போனாலும் ஓடவிட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். அந்தக் குளிரில் புகை மேலே எழாது. வெள்ளையாகத் தரையோடு படுத்து, வண்டியைச் சுற்றி நின்று, காற்றுத் துளைகள் வழியாக உள்ளே வந்துவிடும். காலி ஐஸ்கிரீம் வாளி ஒன்றை டெல்ஃபீன் மடியில் வைத்துக்கொண்டு போனார். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை அது தேவைப்பட்டது.

"வாசனை வருதா?"

"இல்ல."

"உன் மூஞ்சி வேற சொல்லுதே."

"என் மூஞ்சி எப்பவுமே அப்படித்தான். முப்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் பார்க்கறியா?"

ஓரெஸ்ட் ஜன்னலை இறக்கினார். மைனஸ் முப்பது உள்ளே வந்தது. ஜன்னலை ஏற்றினார். வீடு வரும்வரை அப்படியே இறக்கியும் ஏற்றியும் வந்ததாக என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை அவர் பெட்ரோல் பங்க்குக்கு வந்தார். அங்கேதான் நான் கல்லாவில் நிற்கிறேன். ஜன்னலோரத்து நீள மேஜையில் தினமும் காலையில் ஊர் ஆண்கள் நாலைந்து பேர் காபிக்குக் கூடுவார்கள். தோல் குவளையில் பகடையைக் குலுக்கிப் போடுவார்கள். தோற்றவன் எல்லோருக்கும் காபி வாங்கவேண்டும். அந்த மேஜையில் வைத்து ஒருவன் சொன்னது மதியத்துக்குள் பண்ணைகள் தாண்டிப் போய்விடும். அதனால் யாரும் அங்கே யோசிக்காமல் வார்த்தையை விடமாட்டார்கள், விட்டால் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள்.

ட்வேன் பெடர்சன்தான் ஆரம்பித்தார். கோதுமை போடுகிறவர், வாய் கொஞ்சம் அதிகம்.

"என்ன ஓரெஸ்ட், அடுத்த வாரம் கரண்ட் வண்டியாமே?"

"ஓட்டிப் பார்க்கப் போறேன்."

"எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கிட்டியா? எட்மண்டன் வரைக்கும் எட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"நீ தினம் உன் டிரக்கைச் சுவத்துல சொருகாமயா தூங்கற?" என்றார் ஓரெஸ்ட்.

"அது சூடு பண்ண. இது சோறு ஊட்ட. ரெண்டும் ஒண்ணா?" ட்வேன் பகடையைக் குலுக்கினார். "உனக்குச் சோறு போட்டது எது? அந்தக் கிணறு. உன் வீட்டுக் கூரை? கிணறு. இப்ப வயசான காலத்துல அதுக்கு முதுகைக் காட்டப் போறியா?"

"கிணத்துக்கு முதுகு காட்டறேனோ இல்லையோ, அவ முதுகைப் பார்க்கணும்ல."

ட்வேன் குவளையைக் கவிழ்த்தார். பகடையில் ஓரெஸ்ட்தான் தோற்றார். காபிக்குக் காசு கொடுக்க வந்தபோது குனிந்து என்னிடம், "தம்பி, மைனஸ் முப்பத்தஞ்சுல பேட்டரி வண்டி எவ்வளவு தூரம் போகும்? புஸ்தகம் படிக்கறவன்தானே நீ?" என்று கேட்டார்.

நான் படிக்கிற புத்தகங்களில் அது இல்லை.

இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, மைனஸ் முப்பத்து நாலு. நடந்ததை அவர்கள் இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போனது.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் டெல்ஃபீன் தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, தலை சாய்ந்து, மடியில் வாளி சும்மா கிடக்க. நோய் வந்த நாளிலிருந்து வண்டியில் கண்ணை மூடியவரில்லை, வீட்டிலும் ஒழுங்காகத் தூங்கியவரில்லை. ஓரெஸ்ட் ரேடியோவைப் போடவில்லை, இருமல் வந்தபோதுகூட அடக்கிக்கொண்டார். வண்டியில் சத்தமே இல்லாதது அவருக்கு என்னவோபோல் இருந்தது. ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று காதுக்குத் தெரியவில்லை. திரையில் வேகத்தைப் பார்த்துக்கொண்டே போனார். பக்கத்தில் மனைவி குறட்டை விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதை நம்பி ஓட்டினேன் என்றார்.

கோல்ட்டன் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தான். எட்மண்டனில் வேக சார்ஜ் போடும் இடம், எத்தனை நிமிடம், திரும்புவதற்கு எவ்வளவு வேண்டும். ஓரெஸ்ட் ஒன்று விடாமல் செய்தார். டெல்ஃபீனை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்துக்குத் திரும்பி வந்தார்.

அங்கேதான் தப்பு நடந்தது. அதைக் கோல்ட்டன் சொல்லவில்லை, சொல்லத் தோன்றியும் இருக்காது. நிறுத்தத்தில் வரிசையாக டிரக்குகள் வெள்ளைப் புகை விட்டபடி ஓடிக்கொண்டிருந்தன, பாதியில் ஆளே இல்லை. அந்தக் குளிரில் யாரும் வண்டியை அணைத்துவிட்டுப் போவதில்லை. ஓரெஸ்ட்டும் அணைக்கவில்லை. ஹீட்டரை முழுசாக வைத்தார். டெல்ஃபீனின் சீட்டுக்குச் சூடு போட்டார். அவள் வந்து உட்காரும்போது இதமாக இருக்கவேண்டும். பூட்டிவிட்டு உள்ளே போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய மதியம் தாண்டியது. சும்மா நிற்கிற வண்டி எவ்வளவு தின்றுவிடும்? இத்தனை வருஷம் பெட்ரோல் வண்டியில் பழகிய கணக்கு அது. முழு டாங்கில் ஒரு ஓரம்கூடக் குறையாது.

வெளியே வந்தபோது சீட் இதமாகத்தான் இருந்தது. டெல்ஃபீன் மறுபடி தூங்கிப்போனார்.

நகரத்தைத் தாண்டியதும் எதிர்க்காற்று. பாதித் தூரம் வந்தபோது ஓரெஸ்ட் திரையில் இரண்டு எண்களை மாறிமாறிப் பார்க்க ஆரம்பித்தார். வீட்டுக்கு இருக்கும் தூரம் மெதுவாகக் குறைந்தது. வண்டி போகக்கூடிய தூரம் வேகமாகக் குறைந்தது. வேகத்தைக் குறைத்தார். லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டின. பிறகு ஹீட்டரை அணைத்தார். தன் கோட்டைக் கழற்றித் தூங்குகிறவர் மேல் போர்த்தினார்.

குளிரில் டெல்ஃபீன் விழித்தார். ஜன்னலின் உள்பக்கத்தில் அவர் மூச்சே பனியாகப் படிந்திருந்தது.

"ஏன் கோட் இல்லாம உக்காந்திருக்க?"

"வேர்த்துச்சு."

"உதடு நீலமா இருக்கு. வேர்த்தா நீலமாகுமா?"

ஓரெஸ்ட் உண்மையைச் சொன்னார். சார்ஜ் போதாது. வழியில் ஒரு சின்ன ஊரில் சார்ஜர் இருக்கிறது, அங்கே போட்டுக்கொள்ளலாம். போனார்கள். சாலையைச் சுத்தம் செய்த இயந்திரம் தள்ளிய பனி, அந்தச் சார்ஜரை இடுப்புவரை மூடியிருந்தது. மேலே தெரிந்த திரை இருட்டாக இருந்தது. ஓரெஸ்ட் கையால் பனியைத் தோண்டினார். தோண்டி என்ன செய்வது, அதில் உயிரில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த விதத்தைப் பார்த்ததாக டெல்ஃபீன் சொன்னார். "அந்தக் காது போன கதையை எனக்கு நூறு தடவை சொல்லிருக்கான். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவான். அன்னைக்குத்தான் அதைப் பார்த்தேன்."

ஆறு கிலோமீட்டரில் ஒரு ஹட்டரைட் காலனி இருந்தது. நூறு பேர் ஒரே குடும்பம்போலச் சேர்ந்து உழுது, சேர்ந்து சாப்பிட்டு வாழும் கிறிஸ்தவர்களின் குடியிருப்பு. எங்கள் பக்கத்தில் அப்படிப் பல உண்டு. கோழியும் உருளைக்கிழங்கும் அவர்களிடம்தான் வாங்குவோம். வண்டி ஆமைபோல அங்கிருந்த பெரிய பட்டறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் யாகோப் ஸ்டால் கறுப்புக் கோட்டோடு வெளியே வந்தார்.

"அறுவடை மெஷின் வந்திருக்கு, டிராக்டர் வந்திருக்கு, ஒருதடவை வழிதப்பி ஹெலிகாப்டர்கூட இறங்கிருக்கு" என்றார். "சார்ஜ் போட வந்தது நீங்கதான் முதல் ஆளு. உள்ள கொண்டாங்க. எதாவது ஒரு பிளக்குல மாட்டும்."

மாட்டியது. பெண்கள் வந்து டெல்ஃபீனைக் கைத்தாங்கலாகச் சமையல்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். நூடுல்ஸ் போட்ட கோழி சூப்பும், வாத்து இறகு அடைத்த போர்வையும் கொடுத்து அடுப்போரம் உட்காரவைத்தார்கள். ஓரெஸ்ட் போகவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டார். யாகோப் கொடுத்த காபி அவர் கையில் அலையடித்துச் சிந்தியது.

"குளிரா?" என்றார் யாகோப்.

"ஆமா."

பட்டறையின் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. ஆட்கள் முண்டா பனியனோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

இருட்டிய பிறகு வீடு வந்தார்கள். ஜன்னல் வழியாக அவருடைய பூட்ஸ் தெரிந்தது. வெகுநேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருந்தது.

புதன்கிழமை அவர் காபிக்குப் போகவில்லை, ஓட்டிப் பார்த்த வண்டியை எட்மண்டனில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். வியாழக்கிழமை வந்தார். அதற்குள் விஷயம் மேஜைக்கு வந்துவிட்டிருந்தது. காலனியில் கோழி வாங்கப் போன யாரோ கொண்டுவந்திருந்தார்கள். ட்வேன் அன்று கிண்டல் செய்யவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

"டெல்ஃபீன் எப்படி இருக்காங்க?"

"இருக்கா."

"பார் ஓரெஸ்ட், நான் விளையாட்டுக்குச் சொல்லல. உன் பெண்டாட்டியை அதுல வச்சுக்கிட்டு இந்தக் குளிர்காலம் பூரா..." ட்வேன் முடிக்கவில்லை. "பெட்ரோலை வாங்கு. யாரும் உன்னை ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

ஓரெஸ்ட் பகடைக் குவளையைக் கையில் எடுத்துக் குலுக்காமல் வைத்திருந்தார்.

"அவ தூங்கினா, ட்வேன்."

"என்னது?"

"போகும்போது தூங்கினா. வரும்போது தூங்கினா. வாளி காலியா இருந்துச்சு. ரெண்டு மாசமா நான் அவ தூங்கிப் பார்க்கல." குவளையைக் கீழே வைத்தார். "தப்பு என்னோடது. சும்மா நிக்கறப்ப ஹீட்டரைப் போட்டு வச்சிட்டேன். அடுத்ததடவை போடமாட்டேன். நான் கரண்ட் வண்டிதான் வாங்கப் போறேன்."

அந்த மேஜையில் சொல்லிவிட்டார். இனி மாறமுடியாது. யாரும் சிரிக்கவில்லை. கல்லாப் பக்கம் நின்றிருந்த எனக்குத்தான் அவருடைய கை தெரிந்தது. மேஜைக்கு அடியில், முழங்காலின் மேல், ஒரு கை மற்றக் கையை அழுத்திப் பிடித்திருந்தது.

அன்று மாலை அவர் கோல்ட்டனைக் கூப்பிட்டார். நான் கீழே துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தேன், அவர் குரல் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. முதலில் உரக்க, பிறகு மெதுவாக. "எப்ப? ... வேற ஒண்ணுகூட இல்லையா? ... மே மாசமா? மே மாசம் எனக்கு எதுக்கு, கோல்ட்டன்?" மேலே அவர் காலடி ஜன்னல்வரை போய்த் திரும்பியது. பிறகு, "சரி. அதையே எடுத்துக்கறேன். சரி."

மின்சார வண்டி விற்றுப்போய்விட்டது. வேறொரு வாடிக்கையாளர் புதன்கிழமையே பணம் கட்டிவிட்டார். அடுத்தது வசந்தத்தில்தான். பெட்ரோல் வண்டி மட்டும் இருக்கிறது.

மறுநாள் அவர் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தார். விசில் அடித்துக்கொண்டே வாரினார். நடுவில் சட்டென்று நிறுத்தினார். மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்று, நான் வெளியே வந்ததும் சொன்னார்:

"தம்பி, அவன் இல்லைன்னு சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

மண்வாரியில் ஒட்டியிருந்த பனியைப் பூட்ஸால் தட்டினார்.

"அவளுக்கு நல்லது அந்த வண்டி. அது கிடைக்கலன்னதும் எனக்கு நிம்மதி. என்ன மனுஷன் நான்?"

நான் இன்னொரு மண்வாரியை எடுத்துவந்தேன். அவர் மறுபடி வாரத் தொடங்கினார், விசில் இல்லாமல்.

பெட்ரோல் வண்டி வந்தது. கறுப்பு. ஊரே வந்து பார்த்தது. ட்வேன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டு, "இதுல நான் குடியே இருப்பேன்" என்றார். ஓரெஸ்ட் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார். பெட்ரோல் போடும் நாளில் டெல்ஃபீனை ஏற்றமாட்டார். போட்டுவிட்டு வந்து கையைப் பாத்திரம் கழுவும் சோப்பால் முழங்கைவரை தேய்ப்பார். வண்டியை வீட்டிலிருந்து தள்ளி, காற்று அடிக்கும் திசை பார்த்து நிறுத்தி, அங்கே ஓடவிட்டுச் சூடாக்கி, பிறகு வாசலுக்குக் கொண்டுவருவார். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் எல்லா வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்க, அவருடையது மட்டும் அணைந்து கிடக்குமாம்.

"வாசனை வருதா?"

"சுத்தமா இல்ல. நல்ல வண்டி."

டெல்ஃபீன் அந்தக் குளிர்காலத்தில் ஒரு கழுத்துத் துணியை எடுத்தார். தடித்த ஊதாக் கம்பளி. வண்டியில் ஏறும்போது மூக்குக்கு மேலே, கண்ணுக்குக் கீழேவரை சுற்றிக்கொள்வார். குளிருக்கு என்றார். வண்டிக்குள் சூடு இருபத்திரண்டு. ஓரெஸ்ட் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். பார்ப்பதற்குக் கண்கள் மட்டும்தான் இருந்தன. கண்களைச் சிரிக்கவைப்பது டெல்ஃபீனுக்குக் கஷ்டமில்லை. ஒருமுறை நானும் எட்மண்டனுக்குப் பின்சீட்டில் போனேன். அந்தத் துணிக்குள்ளிருந்து ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தது. அவர் பக்கத்து ஜன்னல் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. வழி முழுக்க டெல்ஃபீன் தூங்கவில்லை. முகாமில் சமைத்த கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார், ஒன்று முடிந்தால் இன்னொன்று. ஓரெஸ்ட் சிரித்துக்கொண்டே ஓட்டினார். நகரத்துக்குள் ஒரு சிக்னலில் நின்றபோது மட்டும் டெல்ஃபீன் ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, கண்ணை மூடி, பச்சை விழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"ஏன் நிறுத்திட்டே?"

"பேர் மறந்துபோச்சு. இப்ப ஞாபகம் வந்துருச்சு."

மே மாதம் டெல்ஃபீனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் இருந்த கட்டிகள் வளரவில்லை, போகவும் இல்லை. மருந்து தொடரும் என்றார்கள். கோல்ட்டனிடம் புதிய மின்சார வண்டிகள் வந்திருப்பதாக ஓரெஸ்ட்டுக்குச் செய்தி வந்தது. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். "இது பழகிப்போச்சு. சும்மா இரு" என்று டெல்ஃபீன் சொல்லிவிட்டார். ஓரெஸ்ட் அதை மேஜையில் சொன்னார். ட்வேன், "அப்பவே சொன்னேன்ல" என்றார். பகடை உருண்டது.

ஜூன் மாதத்தில் கோல்ட்டன் தன் அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்தான். பெட்ரோல் போட்டுவிட்டு உள்ளே வந்து, ஓரெஸ்ட்டும் டெல்ஃபீனும் எப்படி இருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டான். சொன்னேன். பேச்சுக்காக, அந்த மின்சார வண்டியை வாங்கியவர் யார், நம் பக்கத்து ஆளா என்று கேட்டேன்.

"அதுவா?" அவன் மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டான். "அதை யாரும் வாங்கல. ஏப்ரல் வரைக்கும் எங்க பின்வரிசைல பனிக்கு அடியில கிடந்துச்சு."

"ஓரெஸ்ட்கிட்ட வித்துப்போச்சுன்னு சொன்னியே?" என்றேன்.

"டெல்ஃபீன் சொல்லச் சொன்னாங்க. 'அவன் கேட்டா வித்துப்போச்சுன்னு சொல்லு கோல்ட்டன், எனக்காக'ன்னு" என்றான்.

எப்போது என்று கேட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே என்றான். காலனிச் சமையல்கூடத்துத் தொலைபேசியிலிருந்து, ஓரெஸ்ட் பட்டறையில் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில்.